செத்த குழாய் மூச்சு விட்டது

அந்த ஜனவரியில் எங்கள் படுக்கையறை சீலிங்கில் டீ சிந்தினது போல ஒரு கறை வந்தது. உள்ளங்கை அகலம். சுவரை ஒட்டின மூலையில், நடுவில் வெளுத்து ஓரத்தில் பழுப்பேறி. மனைவிதான் முதலில் பார்த்தாள். "கூரை ஒழுகுது" என்றாள். இருக்காது என்றேன், ஏனென்றால் அந்த வாரம் முழுக்க மழையே இல்லை. மைனஸ் நாலு, மைனஸ் ஐந்து என்று குளிர். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். மழை இல்லாத வாரத்தில் கூரை எப்படி ஒழுகும்?

"அப்ப தண்ணி எங்கேருந்து வருது?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும் கொஞ்சம் பணமும் ஆனது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில். 1967-ல் அரசாங்கம் புது நகரம் என்று அறிவித்து, வயல்களுக்கு நடுவில் கோடு போட்டுக் கட்டிய ஊர். எங்கள் வீடு 1978-ல் எழுந்த வரிசை வீடுகளில் ஒன்று. கூரைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, முகட்டு ஓடுகள் அத்தனையும் மாற்றணும், 1,900 பவுண்டு ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது ஆள் ஏணி போட்டு ஏறினார். இறங்கி வந்து, "உன் கூரையில் ஒரு குறையும் இல்லை, வேற எங்கேயாவது பார்" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார். அதனால் நானே லாஃப்டுக்குள் ஏறினேன்.

நம்மூரில் லாஃப்ட் என்றால் கதவுக்கு மேலே நீட்டின கான்கிரீட் பலகை. பொங்கலுக்கு மட்டும் கீழே இறங்கும் வெண்கலப் பானை, கைப்பிடி அறுந்த சூட்கேஸ், கல்யாணத்தில் வந்த ஏழாவது சுவர்க்கடிகாரம் எல்லாம் அங்கே இருக்கும். இங்கே லாஃப்ட் என்பது மாடி சீலிங்குக்கும் ஓட்டுக்கும் இடையில் இருக்கும் முக்கோண இடம் முழுவதும். தரை கிடையாது. மரச்சட்டங்களின் மேல்தான் கால் வைக்க வேண்டும். இரண்டு சட்டத்துக்கு நடுவில் வைத்தால் அரை அங்குல பிளாஸ்டர் போர்டை உடைத்துக்கொண்டு கால் படுக்கையறைக்கு வந்துவிடும். அந்தச் சட்டங்களும் கண்ணுக்குத் தெரியாது. குளிர் தாங்க 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்பளி போல மினரல் வூல் விரித்திருக்கும். குளத்தில் படித்துறையைத் தேடுகிற மாதிரி காலால் துழாவித் துழாவித்தான் போக வேண்டும். போட்டுக்கொண்டு போன வேட்டியை... இல்லை, வேட்டி கட்டிக்கொண்டு ஏறவில்லை. ஆனால் கைலியோடு ஒரு முறை ஏறி, இரண்டு நாள் கால் அரித்தது உண்மை.

உள்ளே மூன்று குழாய்கள் இருந்தன. ஒன்று அடர் சாம்பல் நிற பிளாஸ்டிக், நேராக ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. இன்னொன்று நெளிநெளியான வெள்ளை ஹோஸ். மூன்றாவது தகரக்குழாய்: ஐந்து அங்குலக் குறுக்களவு, சுவரின் தலையிலிருந்து கிளம்பி, 45 டிகிரி வளைந்து, முகட்டு ஓட்டில் போய் முட்டி நின்றது. அதன் இடுப்பில் ஓட்டை போட்ட இரும்புப் பட்டையைச் சுற்றிக் கூரைச் சட்டத்தில் அறைந்திருந்தார்கள்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது பிளாஸ்டிக் குழாய் மேல். இது எதற்கு, அறுத்து எறிந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, இணையத்தில் தேடினேன். அது கழிவுநீர்க் குழாயின் மூச்சுக்குழாய். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும்போது பின்னால் காற்று புகுந்தால்தான் மற்ற தொட்டிகளின் வளைவில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்படாமல் இருக்கும்; சாக்கடை வாயுவும் வீட்டுக்குள் வராமல் ஓட்டுக்கு மேலே போகும். அதை அறுத்திருந்தால் எங்கள் சீலிங் கறை மிகச் சிறிய பிரச்சினையாகியிருக்கும். வெள்ளை ஹோஸ் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுடையது. மிச்சம் தகரக்குழாய். தொட்டேன். மூட்டுகளைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தது. வளைவின் மூட்டிலிருந்து ஒரு சொட்டு கிளம்பி, பட்டை வழியாக ஓடி, கம்பளிக்குள் மறைந்தது. நேர் கீழேதான் கறை.

இந்தக் குழாய் எதற்கு வந்தது என்பது கொஞ்சம் பழைய கதை. இந்த நாட்டில் நிலக்கரியிலிருந்து காய்ச்சின வாயுதான் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. 1965-ல் வடகடலில் இயற்கை வாயு கிடைத்ததும், 1967-லிருந்து 1977 வரை பத்து வருஷம் தெருத்தெருவாகப் போய் வீட்டு அடுப்புகளை எல்லாம் புது வாயுவுக்கு மாற்றினார்கள். வாயு மலிந்தது. வரவேற்பறையில் கணப்பு இருந்த இடத்தில் கேஸ் ஃபயர் ஒன்றை வைத்து, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பாய்லரை ஒளித்தார்கள். பேக் பாய்லர் என்பார்கள். எங்கள் ஆச்சி வீட்டுச் செம்பு வெந்நீர் பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே புகை போக ஒரு வாய். அதைச் சுவருக்குள் நட்டு, கரிக்குப் பதில் கேஸ் வைத்தால் அதுதான். எங்கள் வீடு மாதிரி செங்கல் சிம்னியே இல்லாமல் கட்டின வீடுகளில், சுவருக்குள்ளேயே நடுவில் துவாரம் வைத்த கான்கிரீட் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புகைக்கு வழி விட்டார்கள். அந்த வழி லாஃப்டில் முடியும். அங்கிருந்து முகடு வரை குழாய்.

2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிற வகை. பேக் பாய்லர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எங்களுக்கு வீட்டை விற்றவர்களும் சமையலறைச் சுவரில் புதுப் பாய்லர் மாட்டிவிட்டு, கணப்பு வாயில் ஒரு பலகை அடித்து, பலகையில் ஒரு சின்ன ஜாலி வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்துப் போய்விட்டார்கள். மேலே இருந்த குழாய் அப்படியே கிடந்தது. யார் லாஃப்டைப் பார்க்கப் போகிறார்கள்?

கீழே வந்து ஜாலியின் முன் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தேன். கையிலிருந்து பறித்துக்கொண்டது போல அது போய் ஜாலியில் ஒட்டியது. விரலை எடுத்த பிறகும் விழவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்; அடுத்த அரை மணி நேரம் வீட்டில் இருந்த டிஷ்யூ எல்லாம் அங்கேதான்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் புகைக்காகக் கட்டின வழி, புகை நின்ற பிறகும் வேலையை நிறுத்தவில்லை. வெப்பக்காற்று மேலே போகும். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் ஐந்து என்றால் இன்னும் வேகமாகப் போகும். எங்கள் வீட்டுக் காற்று சும்மா போகாது. காலையில் நாலு விசில், மாலையில் நாலு விசில், சாதம் வடிக்கிற ஆவி, ரேடியேட்டரில் காயப்போட்ட துணி. 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். லாஃப்டில் அந்தக் குழாய் 12 அல்ல, கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்தது. மூன்றாம் நாள் சாம்பார் கொதித்த ஆவி முகட்டுக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீராகி, திரும்பி வழிந்து எங்கள் தலைமாட்டுக்கே வந்திருக்கிறது. முகட்டு ஓடுகளை 1,900 பவுண்டுக்கு மாற்றியிருந்தாலும் அந்தக் கறை அப்படியே இருந்திருக்கும்.

ஜாலியை மூடிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் ஒரு பாலிதீன் ஒட்டிப் பார்த்தேன், கறை வளர்வது நின்றது. ஆனால் மேலே முகட்டில் ஓட்டை திறந்தே இருக்கிறது, சாரல் அடிக்கும், மூடின குழாய்க்குள் ஈரம் தேங்கும். லாஃப்டில் பலகை போட்டு நடக்க வழி செய்யவும் நினைத்திருந்தோம், அந்தக் குழாய் வழியை மறித்துக்கொண்டு நின்றது. எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அம்மாவிடம் போனில், "லாஃப்டில் இருக்கிற ஃப்ளூவை எடுக்கணும்" என்று சொன்னேன். "ஃப்ளூவா? காய்ச்சலோட ஏண்டா பரண்ல ஏறுற?" என்றாள். புகைபோக்கி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எரிவாயு வேலையில் கை வைக்க இந்த நாட்டில் கேஸ் சேஃப் பதிவு உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. 2009-க்கு முன் அந்தப் பதிவேட்டுக்கு கோர்கி என்று பெயர். வயதானவர்கள் இன்னும் கோர்கி ஆளைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். பயன்பாட்டில் இல்லாத வெறும் குழாயைக் கழற்றுவது எரிவாயு வேலை ஆகாது. ஆனால் அது பயன்பாட்டில் இல்லை என்று யார் சொன்னது? வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக் குழாய் நம் லாஃப்டு வழியாக வளைந்து போவதும் உண்டு. உயிரோடிருக்கும் குழாயைக் கழற்றினால் அவர்கள் வீட்டுப் புகை நம் லாஃப்டில் நிரம்பும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாகப் பாய்லர் வேலை பார்ப்பவர்.

வந்ததும் லாஃப்டுக்குப் போவார் என்று ஏணியை இறக்கி வைத்திருந்தேன். அவர் கணப்பு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, முதல்லை இது செத்துட்டுதோ எண்டு பாப்பம். பிறகு தூக்குவம்."

பலகையைக் கழற்றினார். உள்ளே மூலையில், சிமென்ட்டிலிருந்து ஒரு செம்புக் குழாய் இரண்டு அங்குலம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு மூடி. அவர் மீட்டர் பெட்டிக்குப் போய் வால்வைத் திருப்பி, அழுத்தமானியை மாட்டிச் சோதித்துவிட்டு வந்தார். மூடியை லேசாகத் தளர்த்தினார். மெல்லிசாக ஒரு சீறல். உடனே இறுக்கினார்.

"அடுப்பைக் கழட்டினவன் காஸைக் கழட்டேல்லை" என்றார். பதின்மூன்று வருஷமாக எங்கள் வரவேற்பறைப் பலகைக்குப் பின்னால் அழுத்தத்தோடு கேஸ் நின்றிருக்கிறது. அந்தப் பலகையில் ஆணி அடித்துக் கொலு சமயத்தில் தோரணம் கட்டியிருக்கிறோம். சட்டப்படி மூடி போட்டிருந்தால் போதும், தவறில்லை என்றார் அண்ணன். ஆனாலும் அந்தக் கிளையைச் சமையலறையிலேயே வெட்டி அடைத்தார். எனக்கு அன்று இரவுதான் உள்ளங்கை வேர்த்தது.

அடுத்தது புகைச் சோதனை. மாத்திரை போல ஒன்றைப் பற்றவைத்துக் கணப்புக்குள் வைத்தார். நான் தெருவில் நின்றேன். ஒரு நிமிஷம் கழித்து எங்கள் முகட்டிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பக்கத்து வீட்டு முகட்டில் ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பாய்லர் சுவர் வழியாகத்தான் புகை விடுகிறது என்றும் பார்த்துக்கொண்டோம். தகரக்குழாய் எங்களுடையது, எங்களுடையது மட்டும். இனி அது தேவையில்லை.

அதற்கப்புறம்தான் அவர் லாஃப்டுக்கு ஏறினார். ஏறின இரண்டாவது நிமிஷம் கீழே குரல் வந்தது. "தம்பி, இதிலை கை வைச்சனீரோ?"

தகரக்குழாய் சுவர்த் தலையிலிருந்து நேரே கிளம்பவில்லை. முதல் இரண்டு அடி, கம்பளிக்குள் புதைந்து, சாம்பல் நிறத்தில் வேறொரு குழாய். தட்டினால் மண்பானைச் சத்தம். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டாக இருக்கலாம் என்றார். அதன் நார் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. 1978-ல் கட்டின வீட்டில் அது சாதாரணம். நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸை இந்த நாட்டில் 1985-ல் தடை செய்தார்கள்; வெள்ளை 1999 வரை கடையில் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்துக்கு நகத்தளவு ஒரு துணுக்கு அனுப்பினோம், சோப்புத் தண்ணீர் தெளித்து, நனைத்து எடுத்து, இரண்டு பைக்குள் போட்டு. மூட்டில் சுற்றியிருந்த கயிற்றிலும் கொஞ்சம். அண்ணனுக்குக் கவலை கயிற்றின் மேல்தான். சிமென்ட்டுக்குள் நார் இறுகிக் கிடக்கும், உடைக்காதவரை பறக்காது. கயிறு என்றால் தொட்டாலே நூல்நூலாகப் பிரியும். பதில் வந்தது: கயிறு கண்ணாடி நார், சிமென்ட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்.

சொந்த வீட்டில் இவ்வளவு சின்னத் துண்டை நாமே எடுக்கச் சட்டம் தடுக்கவில்லை. எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளைக் காகித உடை, முகத்தை இறுக்கிப் பிடித்த முகமூடி. லாஃப்டு வாயின் கீழே பிளாஸ்டிக் விரித்தார். குழாயைத் தண்ணீர் தெளித்து நனைத்து, அறுக்காமல், உடைக்காமல், மூட்டைச் சுரண்டி முழுசாகத் தூக்கினார். சிவப்புப் பைக்குள் வைத்துக் கட்டி, அதை இன்னொரு தெளிந்த பைக்குள் வைத்துக் கட்டினார். துடைத்த ஈரத்துணியும் பைக்குள், அவர் போட்டிருந்த உடையும் கடைசியில் பைக்குள். வீட்டு வாக்குவம் கிளீனரை அந்தப் பக்கம் கொண்டு போகவே கூடாது என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். அது தூசியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் வீடு முழுக்க ஊதிவிடும். இரண்டடிக் குழாயை அவர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கினதை நான் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

சாத்தூரில் எங்கள் வீட்டு முன்பத்தி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்னால் மாட்டுக்கொட்டகையும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் அதன் கீழேதான். ஷீட் மாற்றும்போது கொக்கி போல்ட்டுக்கு ஓட்டை போட, ஆசாரி ரம்பத்தாலும் துளைப்பானாலும் நேரே அறுப்பார். மாவு போல வெள்ளைத் தூள் பறக்கும். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். உடைந்த துண்டால் சிமென்ட் தரையில் பாண்டி விளையாட்டுக்குக் கோடு போடலாம், சாக்பீஸைவிட நன்றாக விழும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இந்தியாவில் இன்றுவரை தடை செய்யப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா வீடியோவை இரண்டு முறை பார்த்திருப்பார் போல. பிறகு கூப்பிட்டார்.

"அந்த ரெண்டடிக் குழாய்க்கா அந்த ஆளு அப்படி வேஷம் கட்டிருக்கான்?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, எவ்வளவு வாங்குனான்?" என்றார். தொகையைக் குறைத்துத்தான் சொன்னேன். போனை வைப்பதற்கு முன், முன்பத்தி ஷீட்டில் ஒரு விரிசல் இருக்கிறது, சிமென்ட் பூசலாமா, இல்லை கழற்றலாமா என்று கேட்டார். உடைக்காதீங்க, நனைச்சுப் பூசுங்க, நான் வந்து பார்க்கிறேன் என்றேன். அதற்குமேல் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தகரக்குழாயை நானும் அண்ணனும் ஒரு சனிக்கிழமை கழற்றினோம். இரட்டைச் சுவர்க் குழாய் அது: உள்ளே அலுமினியம், வெளியே துத்தநாகம் பூசின இரும்பு, நடுவில் காற்று. மேலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழ் மூட்டை முதலில் விட்டால் மேல்பாரம் முழுக்க முகட்டு ஓட்டில் தொங்கும். ஒவ்வொரு மூட்டும் டிபன் கேரியர் மூடி மாதிரி, திருகிப் பூட்டினது. திருப்பினால் கழன்றுவிடும் என்று சொன்னவர்கள் யாரும் நாற்பத்தைந்து வருஷக் குழாயைத் திருப்பியிருக்க மாட்டார்கள். நான் கீழ்த்துண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அண்ணன் மேல்துண்டைச் சைக்கிள் டியூப் சுற்றித் திருகினார். முதல் மூட்டுக்கு நாற்பது நிமிஷம். வளைவில் இருந்தது வரவே இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்தே இறக்கினோம்.

வளைவைக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பிறகு துருச் செதில், பழைய குளவிக்கூடு ஒன்று, ஒரு கருப்பு இறகு. உட்சுவரில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதன் நடுவில் தண்ணீர் வழிந்த தடம் ஒரு கோடு போட்டது போல நேராக. கறைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுவர்த் தலையில் திறந்திருந்த துவாரத்துக்கு ஒரு சிமென்ட் பலகை வைத்துப் பூசி, மேலே கம்பளியை இழுத்து மூடினோம். கீழே ஜாலியை அப்படியே விட்டோம், சுவருக்குள் கொஞ்சம் காற்று உலவட்டும் என்று. அண்ணன் கணப்பின் உட்சுவரில் மார்க்கரால், புகைவழி எடுக்கப்பட்டது என்று தேதி போட்டு ஆங்கிலத்தில் எழுதினார். நாளைக்கு வீட்டை வாங்குகிறவர் ஆசைப்பட்டு அங்கே ஒரு கேஸ் ஃபயரை மாட்டிவிடக்கூடாதே. சாப்பாடு போட்டோம். எங்கள் வீட்டு மீன் குழம்பில் புளி கூட என்றார், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

குழாய்த் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அங்கே ரொக்கமாகத் தருவது சட்டப்படி குற்றம். திருட்டுச் செம்பு விற்பதைத் தடுக்க வந்த விதி. அடையாள அட்டையைக் காட்டி, வங்கிக் கணக்கு எண் கொடுத்து, நாலு பவுண்டு சொச்சம் வாங்கினேன்.

மிச்சமிருந்தது முகட்டில் நின்ற தகரத் தொப்பி. அதை எடுத்து ஓடு வைக்க அரை மணி வேலை, ஆனால் சாரம் கட்ட மட்டும் எழுநூறு பவுண்டு கேட்டார்கள். அதன் அடிவாயில் கம்பிவலை கட்டி, கீழே ஒரு வாளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த மே மாதம் பக்கத்து வீட்டில் சோலார் பேனல் போடச் சாரம் கட்டினார்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்துக் கேட்டேன். அவர் தலையசைக்க, அந்தக் கூரை ஆள் எண்பது பவுண்டுக்கு எங்கள் பக்கம் நகர்ந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்.

சீலிங்கில் நேரே பெயின்ட் அடித்தால் கறை ஒரு வாரத்தில் மறுபடி மேலே வரும். கறை தடுக்கும் பிரைமர் ஒரு கை, அப்புறம் வெள்ளை இரண்டு கை அடித்தேன். அந்த இடம் மட்டும் பக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது. மனைவி இன்னும் ஜனவரியில் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பாள்.

வெளியே புது ஓடு வரிசையில் தனியாகச் சிவந்து நிற்கிறது, பாசி பிடிக்க இன்னும் நாலைந்து வருஷமாகும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது முகடுகளை எண்ணுகிறேன். எங்கள் தெருவில் இன்னும் பதினொரு வீட்டில் அந்தத் தகரத் தொப்பி இருக்கிறது. குளிர் இறங்கின நாளில் அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் மெல்லிசாக ஆவி வருகிறது. அது பாய்லரா, குக்கரா என்று இன்னும் போய்க் கேட்கவில்லை.